ஏழாம் பெண்

சின்னவள் எம்.ஏ. மகளிரியல் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் அவள் பக்கம் நின்றது அண்ணன் ஒருவன்தான். பின்னாளில் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வாள்.

அம்மாவுக்குப் படிப்பின் பெயரே பிடிபடவில்லை. "பொம்பளைங்களைப் பத்திப் படிக்கப் போறியா? வீட்டுலயே மூணு பேர் இருக்கோமேடி, எங்களைப் பாத்தா போதாதா?"

அண்ணன் சிரித்தான். "விடும்மா. இத்தனை நாள் சும்மா சண்டை போட்டா. இனிமே சர்டிஃபிகேட்டோட போடுவா."

அப்பா போனபிறகு பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்தும் பட்டறைக்குப் போனவன் அவன். இப்போது பட்டறையே அவனுடையது. விரல்களில் மயிரிழை போலப் பழைய கீறல்கள். நுழைவுத் தேர்வன்று அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டு, தேர்வு முடியும்வரை வாசலில் நின்றிருந்தான். பட்டறைக்கு வருகிறவர்கள், "தங்கச்சி என்ன படிக்குது? மகப்பேறு டாக்டரா?" என்று கேட்டால், "இல்லீங்க, ஆம்பளைங்களுக்கு ஆபரேஷன் பண்ற படிப்பு" என்பான். கேட்டவர்கள் ஒரு நொடி முழிப்பார்கள். அவன் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

மகளிரியல் துறைக்குப் பல்கலைக்கழகத்தில் பழைய விடைத்தாள்கள் அடுக்கிக் கிடந்த இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் ஒரு மூலையில் மட்டும் காகித வாடை கிளம்பும். பன்னிரண்டு பேர் படித்தார்கள். மற்ற துறைக்காரர்கள் அதை 'மாமியார் டிபார்ட்மெண்ட்' என்றார்கள். பேராசிரியைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வலியால் நின்று பாடம் எடுக்க முடியாது, உட்கார்ந்துதான் எடுப்பார். மாணவர்கள் எழுதித் தருவதைப் பச்சை மையில் திருத்துவார்.

கள ஆய்வுக்கு அனுப்புவதற்கு முன்பு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கையெழுத்து வாங்கிட்டா சம்மதம் வாங்கிட்டோம்னு நினைச்சுக்காதீங்க. அவங்க உங்ககிட்ட சொல்றது வேற, ஊருக்குச் சொல்றது வேற. இன்னொண்ணு, சொந்தக்காரங்களைப் பேட்டி எடுக்கக் கூடாது. அவங்களால உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல முடியாது."

சின்னவள் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

அந்த முதல் வருடம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேரில்லாமல் மனதில் கிடந்த எரிச்சலுக்கெல்லாம் ஒரு பெயர் கிடைத்துக்கொண்டே வந்தது. கிடைத்த பெயரையெல்லாம் உடனே வீட்டில் பிரயோகித்தாள். ஒருநாள் சாப்பாட்டின்போது, "நீ பண்றதுக்குப் பேரு ஊதியமில்லா உழைப்பும்மா. இந்த வீடு உன்னைச் சுரண்டுது" என்றாள். "அப்படியா? அப்ப நீயும் அந்தச் சட்டியை நல்லா சுரண்டிக் கழுவிடு" என்றாள் அம்மா. அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. அண்ணியும் சிரித்தாள், சத்தமில்லாமல். அண்ணி எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள் என்று சின்னவள் நினைத்திருந்தாள்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். நரம்பு பிடிபடாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாளாம், குழந்தைகள் அழாதாம். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். அந்த வருடம்தான் அண்ணன் சமையலறையின் மரக்கதவைக் கழற்றிவிட்டுத் தன் கையாலேயே கண்ணாடிக் கதவு போட்டான். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் உள்ளே அடுப்பும், அடுப்பின் முன் நிற்பவளும் தெரிவார்கள். வெளிச்சம் அள்ளிக்கொண்டு வருகிறது என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். சின்னவளும் மெச்சினாள்.

ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட பெண்களின் ஒருநாள் வாழ்க்கை. ஒன்பது பேரைப் பேட்டி எடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தாள். எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒருத்தி ஒப்புக்கொண்டு, கடைசி நேரத்தில், "வீட்டுல வேண்டாங்கறாங்க" என்று போனை வைத்துவிட்டாள். சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது.

"அண்ணி, உங்களை ஒரு பேட்டி எடுக்கட்டுமா?"

"என்னையா? நான் என்னத்தைச் சாதிச்சுட்டேன்?"

"சாதிக்காதவங்களைத்தான் அண்ணி தேடறோம்."

அண்ணி வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள், சின்னவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து, "சரி, துணி காயப்போடறப்ப மாடிக்கு வா. பேரு போடக் கூடாது" என்றாள்.

மூன்று மதியங்கள் பேசினார்கள். போனைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்துப் பதிவு செய்தாள். முதல் நாள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எத்தனை தடவை படி ஏறி இறங்குவது என்றே போயிற்று. இரண்டாம் நாள் அண்ணி, ஈரத் துணியை உதறியபடி, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

"பால் வாங்கக் கடைக்குப் போனா பன்னிரண்டு நிமிஷம். அதுக்கு மேல ஆனா போன் வரும். இன்னும் கொஞ்சம் ஆனா அவரே வந்துடுவார். திட்டமாட்டார். பக்கத்துல நின்னு, 'என்ன, கூட்டமா?'ன்னு கேப்பார். கடைக்காரர் நினைச்சுப்பார், எவ்வளவு பாசம்னு."

"அடிப்பானா அண்ணி?"

"ரெண்டு தடவை." பரிசோதனை முடிவைப் படிப்பதுபோலச் சொன்னாள். "அது பரவாயில்லம்மா. அடிச்சா அடிச்சதுன்னாவது தெரியும். மத்தது வெளியில சொன்னா சிரிப்பாங்க. கதவு கண்ணாடியா இருக்குன்னு யார்கிட்ட போய்ப் புகார் குடுக்கறது?"

சின்னவள் எழுந்துவிட்டாள். "நான் அண்ணன்கிட்ட கேக்கறேன்."

"கேட்டுடாதே." அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ கேட்டுட்டுக் காலேஜுக்குப் போயிடுவே. நான்தான் வீட்டுல இருப்பேன்."

மூன்றாம் நாள் அண்ணி அந்த பஸ் கதையைச் சொன்னாள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்புகிறாள். குழந்தை மடியில் தூங்குகிறது. பக்கத்து இருக்கையில் நல்ல முகமாக ஒரு அம்மாள். "இவங்ககிட்ட, 'கொஞ்சம் பிடிச்சுக்கோங்க'ன்னு குழந்தையைக் குடுத்துட்டு இறங்கிப் போயிடலாமான்னு தோணுச்சு. நிஜமாவே எந்திரிச்சுட்டேன். கம்பியைப் பிடிச்சு நின்னுட்டேன். ரெண்டு ஸ்டாப் நின்னுக்கிட்டே வந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன். இதை எங்க அக்காகிட்டகூடச் சொன்னதில்ல."

அடுத்த இரண்டு நாள் அண்ணனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட சின்னவளால் முடியவில்லை. தலைவலி என்றாள். அண்ணன் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான். பிறகு அவள் எழுத உட்கார்ந்தாள். எழுத்து ஓடியது. அதுவரை எழுதிய பக்கங்கள் எல்லாம் சவசவ என்றிருக்க, இந்த ஒரு அத்தியாயம் மட்டும் கொதித்தது. கடைசியாகச் சேர்ந்தவள் என்று தெரியாமலிருக்க வரிசையில் ஏழாவதாக வைத்து, 'ஏழாம் பெண்' என்று பெயரிட்டாள். பரிசோதனைக் கூடத்தை மருந்துக்கடை ஆக்கினாள். மகளை மகனாக்கினாள். கண்ணாடிக் கதவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மரக்கதவு என்று மாற்றினால் அந்தப் பக்கமே செத்துப்போனது. ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

பேராசிரியை கண்ணாடிக் கதவைப் பற்றிய வரியின் பக்கத்தில் பச்சை மையில், 'இது போதும்' என்று எழுதியிருந்தார். "இந்தப் பொண்ணு உனக்கு எப்படிக் கிடைச்சா?" என்று கேட்டார்.

"தோழியோட அக்கா, மேடம்."

ஆய்வேட்டுக்குத் துறையிலேயே அதிக மதிப்பெண். கெட்டி அட்டை போட்ட ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று அவளுக்கு. அவளுடையதை அண்ணன் வாங்கிக்கொண்டான்.

"அண்ணா, அதெல்லாம் உனக்கு போரடிக்கும்."

"போரடிச்சா தூங்கிட்டுப் போறேன். எங்க வீட்டுப் பொண்ணு எழுதின புக்குடி. நான் படிக்காம வேற எவன் படிப்பான்?"

அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், வருகிறவர்களிடமெல்லாம் அட்டையில் இருந்த அவள் பெயரைக் காட்டினான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு புத்தகத்தைத் தொடாதவன், இரண்டு கண்ணாடி அறுப்பதற்கு நடுவே, விரலை வரிக்குக் கீழே ஓட்டியபடி, முன்னுரையிலிருந்து ஒரு பக்கம் விடாமல் படித்தான். நாலாம் நாள் அறுபத்தோராம் பக்கத்துக்கு வந்தான்.

அன்று பகல் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். கூடத்தில் அம்மா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "வெளியில வா" என்று அண்ணியை அழைத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் புத்தகத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தான். கதவு, பன்னிரண்டு நிமிடம், இரண்டு தடவை, பஸ். கடைசிவரை வாசித்தான். குரல் உயரவே இல்லை.

"இது யாரு?"

"அண்ணா, அது வேற யாரோ..." என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"உன்னைக் கேக்கலை."

அண்ணி சின்னவளை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

"இந்த வீட்டுல உனக்கு என்னம்மா குறை?" என்றாள் அம்மா.

அண்ணன் எழுந்தான். அம்மாவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். வாசல் கதவைத் திறந்தான். "குழந்தையைக் குடுத்துட்டு இறங்கிப் போகணும்னு தோணுச்சில்ல? குழந்தையை நான் பிடிச்சுக்கறேன். இறங்கு."

கட்டியிருந்த துணியோடு, செருப்பில்லாமல், அண்ணி தெருவில் இறங்கினாள். சின்னவள் பின்னாலேயே ஓடினாள். தெருமுனைக்கு முன்பு எட்டிப் பிடித்துவிட்டாள்.

"என் பின்னால வராதே" என்றாள் அண்ணி, திரும்பாமல். "போ. குழந்தைகிட்ட போ. அவளுக்கு மதியம் யாரு ஊட்டுவா?"

சின்னவள் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த வீட்டிலேயே இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, "அம்மா எங்க?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யைச் சொல்லித் தூங்கவைத்தாள். வேலைக்கு விண்ணப்பம் போட நேரமில்லை. ஊதியமில்லா உழைப்பைப் பற்றி நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியவளுக்கு இப்போது உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. அண்ணன் அவளிடம் பேசுவதில்லை. அவள் பரிமாறினால் சாப்பிட்டான்.

அண்ணி தன் அக்காள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து குழந்தையைக் கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தாள். அண்ணனின் வக்கீல் பதிலுக்குத் தாக்கல் செய்த ஆவணங்களில் முதலாவது, பல்கலைக்கழக நூலகத்தின் முத்திரையோடு எடுத்த அறுபத்தோராம் பக்கம். அதை எழுதியவளுக்கு, சாட்சி சொல்ல வரும்படி அழைப்பாணை வந்தது.

அன்றுதான் அண்ணன் அவளிடம் பேசினான். "எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். நீ எழுதினதை ஆமான்னு சொல்லு. போதும்."

அவள் அண்ணியைத் தேடிப் போனாள். அக்காள் வீட்டு வாசலில் அக்காள் வழிமறித்து நின்றாள். "இன்னும் ஏதாச்சும் எழுதணுமா?" என்றாள். உள்ளேயிருந்து அண்ணி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. சின்னவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"குழந்தை நல்லா இருக்காளா? ராத்திரி இருமுவாளே?"

"இப்ப இல்ல அண்ணி."

"ம்."

"அண்ணி, நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். அவன் பண்ணினதும் அதே பக்கத்துலதானே இருக்கு? கதவு, கடை, அடி..."

"எங்க வக்கீலம்மாகிட்ட கேட்டேன். அவர் பண்ணினதா நான் சொன்னது வெறும் புகாராம். யாரு பாத்தாங்கன்னு கேப்பாங்களாம். குழந்தையை விட்டுட்டுப் போக நினைச்சேன்னு சொன்னது ஒப்புதலாம். அதுக்குச் சாட்சி தேவையில்லையாம். ஒரே வாய், ஒரே மதியம். ஒண்ணு செல்லாது, இன்னொண்ணு செல்லும்." அண்ணி சிரித்தாள். "உங்க படிப்புல இதுக்கு ஒரு பேரு இருக்குமே?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் என்ன சொல்லட்டும் அண்ணி? நீங்க சொல்றதைச் சொல்றேன்."

"நான் எதுவும் சொல்லமாட்டேன். நீ ஒரு தடவை கேட்டே, நான் குடுத்தேன். உன்கிட்ட சொன்னேன்னு நினைச்சேன். நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டே. இனிமே உன் வாய், உன் இஷ்டம்."

சாட்சி சொல்லும் நாளன்று காலை எட்டு மணிக்கே சின்னவள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். துறையில் யாரும் வரவில்லை. காலி வகுப்பில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, மூன்று பதிவுகளையும் ஒருமுறை கேட்டாள். அண்ணியின் குரலுக்குப் பின்னால் காற்றில் துணி படபடத்துக்கொண்டிருந்தது. இடையில் ஓரிடத்தில் குழந்தை வந்து ஏதோ கேட்க, அண்ணி, "அத்தைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறேன், போ" என்று அனுப்புகிறாள். கேட்டு முடித்ததும் மூன்றையும் அழித்தாள். கணினியில் இருந்த நகலையும் அழித்தாள். குறிப்பேட்டிலிருந்து பதினாலு தாள்களைக் கிழித்து, கழிவறை வாளியில் ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்கிக் கொட்டினாள். பிறகு நீதிமன்றத்துக்குப் போனாள்.

சின்ன அறை. நீதிபதி ஒரு அம்மாள். கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. ஒரு பக்கம் அண்ணனும் அம்மாவும். இன்னொரு பக்கம் அண்ணியும் அக்காளும். அண்ணனின் வக்கீல் பழகியவர்போல, தன்மையாகத்தான் கேட்டார்.

"இந்த ஆய்வேடு நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"இதுல ஏழாம் பெண்ணுன்னு ஒருத்தரைச் சொல்லியிருக்கீங்க. அவங்க யாருன்னு கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

"அப்படி யாரும் இல்ல."

வக்கீல் தாளைப் புரட்டினார். "புரியலை. பேட்டி எடுத்ததா எழுதியிருக்கீங்களே?"

"எனக்கு ஒன்பது பேர் வேண்டியிருந்துச்சு. எட்டுப் பேர்தான் கிடைச்சாங்க. ஒருத்தரை நானே எழுதிச் சேத்துட்டேன்."

"கண்ணாடிக் கதவு?"

"எங்க வீட்டுக் கதவு. தினமும் பாக்கற கதவு. எழுதறப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு."

"பஸ்ல குழந்தையைக் குடுத்துட்டு இறங்கிப் போக நினைச்சது?"

"அதுவும் நான் யோசிச்சு எழுதினதுதான்."

"பேட்டியோட பதிவு இருக்குமே?"

"எடுக்காத பேட்டிக்கு எப்படிங்க பதிவு இருக்கும்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிதானமாகப் பார்த்தார். "அம்மா, நீங்க சத்தியப் பிரமாணம் பண்ணிட்டுச் சொல்றீங்க. உங்க படிப்புல பொய் சொல்லிப் பட்டம் வாங்கியிருக்கீங்கன்னு பதிவு பண்ணிக்கவா?"

"பண்ணிக்கோங்க மேடம்."

கூண்டிலிருந்து இறங்கும்போது அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். அம்மா அடிக்கவில்லை. "அவனுக்கு நீன்னா உயிருடி" என்றாள். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். அண்ணன் வண்டியை எடுத்தபடி, "துணிமணியை எடுத்துட்டுப் போயிடு" என்றான்.

தீர்ப்பு ஒன்றரை மாதம் கழித்து வந்தது. குழந்தை தாயிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை தகப்பனிடம். மனைவியைக் கணவன் கொடுமைப்படுத்தியதாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அதைப்பற்றிப் பேசும் ஒரே ஆவணமும் இட்டுக்கட்டியது என்று எழுதியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தீர்ப்பின் ஒரு நகல் பல்கலைக்கழகத்துக்கும் போயிற்று.

விசாரணைக் குழுவில் நாலு பேர். பேராசிரியை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகு, முழங்காலைத் தேய்த்தபடி, "உக்காரு" என்றார்.

"இப்ப இங்க யாரும் இல்ல. அந்தப் பொண்ணு இருக்காளா?"

"இல்ல மேடம்."

"நீ எழுதின மத்த அத்தியாயத்தை எல்லாம் நான் படிச்சிருக்கேன். உனக்கு அவ்வளவு நல்லாக் கற்பனை பண்ண வராது."

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொந்தக்காரியா?"

சின்னவள் இல்லை என்று சொல்லவில்லை. பேராசிரியை குழுவின் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். "நீ எங்கிட்ட உண்மையைச் சொன்னா நான் வெளியில சொல்லியாகணும். சொல்லலைன்னா நான் இதுல கையெழுத்துப் போட்டாகணும். ரெண்டுல எதைப் பண்ணினாலும் இந்தத் துறையை மூடணும்னு சொல்றவங்களுக்குக் கொண்டாட்டம். இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க, பொம்பளைங்க சொல்றதெல்லாம் இப்படித்தான் உக்காந்து எழுதினதுன்னு." அவர் பேனாவை எடுத்தார். அது நீல மைப் பேனா. "போயிட்டு வா."

பட்டம் ரத்தானது. நூலகத்திலிருந்து ஆய்வேட்டை எடுத்துவிட்டார்கள். ஒரு அத்தியாயத்தை மட்டும் அல்ல, முழுவதையும். மற்ற எட்டுப் பேர் சொன்னதும் அதோடு போயிற்று. அவர்களிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று சின்னவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு வீடாகப் போனாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை. முன்பு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாள், தன் பேச்சு வந்திருந்த பக்கங்களை நகலெடுத்து, நெகிழி உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் சொன்னதும் பொய்யா?"

"இல்லம்மா. நீங்க சொன்னது நிஜம்."

"யாரு நம்புவா?"

அந்த அம்மாள் எழுந்து போய் உறையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, "தண்ணி குடிக்கறியா?" என்றார்.

சின்னவளுக்கு ஒரு பார்சல் கிடங்கில் முகவரி சரிபார்க்கும் வேலை கிடைத்தது. நின்றுகொண்டே பார்க்கும் வேலை. பட்டம் கேட்கவில்லை. பெண்கள் விடுதியில் நாலு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில். மூன்று மாதம் யாரும் அவளைத் தேடி வரவில்லை. நாலாம் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பார்க்க ஆள் வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். வரவேற்பறையில் அண்ணி நின்றிருந்தாள். பரிசோதனைக் கூடத்தின் வெள்ளை மேலங்கியை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"மறுபடியும் சேந்துட்டீங்களா அண்ணி?"

"ஆமா. கை நடுங்குமோன்னு பயந்தேன். நடுங்கலை."

இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நன்றி சொல்ல வரலை. சொல்லணும்னு அக்கா சொன்னா. எனக்கு வாய் வரலை."

"வேண்டாம் அண்ணி."

"நீ அங்க நின்னு அப்படி ஒருத்தி இல்லவே இல்லன்னு சொன்னே பாரு. எனக்குக் குழந்தை கிடைச்சுது. ஆனா அந்த ஆறு வருஷம் எனக்கு நடக்கவே இல்லன்னும் ஆயிடுச்சு. எழுத்துல இருக்கு, கோர்ட்டு முத்திரையோட. இப்ப நான் யார்கிட்ட என்ன சொன்னாலும், 'அது அந்தப் பொண்ணு கற்பனை பண்ணினதுதானே'ங்கறாங்க. உன் மேல கோவமான்னா, தெரியலை. சில நாள் இருக்கு. சில நாள் உன்னைப் பத்தி நினைக்கறதே இல்ல."

சின்னவள், "சரி அண்ணி" என்றாள்.

அண்ணி மேலங்கியின் மடிப்பை நீவினாள். "இப்ப வந்தது வேற விஷயம். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அவர் குழந்தையைக் கொண்டுவந்து விடறார். தெருமுனையில நிக்கணும். அஞ்சரைக்கே செருப்பைப் போட்டுடறேன், படி இறங்க முடியலை. அக்காவும் பயப்படறா. அவர் எதுவும் பண்றதில்ல. சும்மா நின்னு பாக்கறார், அவ்வளவுதான். நீ போய் வாங்கிட்டு வர்றியா?"

"வர்றேன்."

"இந்த வாரம் மட்டுமில்ல."

"தெரியும் அண்ணி."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே சின்னவள் தெருமுனையில், பூட்டியிருந்த வங்கியின் படிக்கட்டில் போய் நின்றாள். சரியாக ஆறுக்கு அண்ணனின் வண்டி வந்தது. முன்னால் குழந்தை கையில் ஒரு பலூனோடு உட்கார்ந்திருந்தது. நீதிமன்றத்துக்குப் பிறகு அவனை அன்றுதான் பார்க்கிறாள். காதோரம் நரைத்திருந்தது.

"அவ வரலையா?"

"நான்தான் வருவேன், இனிமே."

அவன் அவளுக்குப் பின்னால், தெருவின் உள்ளே பார்த்தான். யாரும் இல்லை. குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டான். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டான். பிறகு வண்டியின் கைப்பிடியைப் பார்த்தபடி, "படிப்பு போயிடுச்சாமே" என்றான்.

"ஆமா."

"நீ எழுதினது பொய் இல்லன்னு எனக்குத் தெரியும்."

உலகத்தில் இதைச் சொன்னால் மற்றவர்கள் நம்பக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவன்தான் சொல்லவும் செய்கிறான், ஆளில்லாத தெருமுனையில்.

"தெரியும்னா போய்ச் சொல்லு அண்ணா" என்றாள். "கோர்ட்டுல சொல்லு. யூனிவர்சிட்டியில சொல்லு. உன் பட்டறைக்கு வர்றவங்ககிட்டயாவது சொல்லு."

அவன் வண்டியைக் கிளப்பித் திருப்பிக்கொண்டு போனான். திருப்பத்தில் ஒருமுறை கை காட்டினான்; குழந்தைக்காகத்தான்.

குழந்தை பலூனை அவளிடம் கொடுத்துவிட்டு, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டியது. தூக்கிக்கொண்டாள். முன்பைவிடக் கனத்தது.

"அத்தை, நாளைக்கு எந்த வீடு?"

"நாளைக்கு அம்மா வீடு. நாளன்னைக்கும் அம்மா வீடுதான்."

"அப்புறம்?"

சின்னவள் கிழமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அக்காள் வீட்டை நோக்கி நடந்தாள்.